பால்காரருக்கு விழுந்த அடி

ஹெபடைடிஸ் சி பற்றி முன்பு எழுதிய நாலு வரி பதில் இவ்வளவு தபாலைக் கிளப்பும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழில் சினிமா, அரசியல், கிரிக்கெட் கேள்விகளுக்கு விடுமுறை. முழுக்க ஈரல். ஒரு விஷயம்: நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்வதோடு என் அதிகாரம் முடிகிறது.

கே.ஆர்., திண்டுக்கல்: எங்கள் அத்தைக்கு 2009-ல் ஹெபடைடிஸ் சி. வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை என்று 48 வாரம் வைத்தியம் நடந்தது. வைரஸ் போய்விட்டது. கூடவே தைராய்டும் போய்விட்டது. ஈரலுக்குப் போட்ட ஊசி கழுத்துக்கு எப்படிப் போயிற்று?

அத்தைக்குப் போட்டது பெக்-இன்டர்ஃபெரான். வைரஸைத் தேடிப்போய்க் கொல்லும் மருந்து என்று அதைப் பலர் நினைக்கிறார்கள். இன்டர்ஃபெரான் நம் உடம்பே தயாரிக்கும் புரதம். ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்ததும் அந்தச் செல் இதை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. அவை வைரஸ் பெருக முடியாதபடி உள்ளே கதவுகளை அடைத்துக்கொள்கின்றன. வெள்ளணுக்கள் சண்டைக்குத் தயாராகின்றன. சாதாரணக் காய்ச்சலில் இந்தக் கூச்சல் இரண்டு மூன்று நாள் நடக்கும், அடங்கும்.

'திருடன், திருடன்' என்று தெருவில் ஒருவர் கத்தினால் எல்லோரும் தடியோடு வெளியே வருவார்கள். ஒரு ராத்திரி என்றால் திருடன் மாட்டுவான். 48 வாரம் மைக் கட்டிக் கத்தினால்? தூக்கம் கெட்டு, கண் சிவந்து நிற்கிற கூட்டத்திடம், விடிகாலை நாலரைக்கு சைக்கிளில் வரும் பால்காரர் அடி வாங்காமல் தப்புவாரா? அத்தையின் தைராய்டுதான் அந்தப் பால்காரர்.

கொஞ்சம் விஞ்ஞானமாகவும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளிச்சுவரில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் அதைப் பார்த்துத்தான் 'நம்ம ஆள்' என்று கடந்துபோகின்றன. இன்டர்ஃபெரான் இந்தக் காட்சியை அதிகமாக்குகிறது. பார்க்கிறவர்களின் முறைப்பையும் அதிகமாக்குகிறது. இதுவரை சும்மா தூங்கிக்கொண்டிருந்த, தைராய்டுக்கு விரோதமான சில அணுக்கள் விழித்துக்கொண்டு ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு இன்டர்ஃபெரான் தைராய்டு செல்களை நேரடியாகவும் நோகடிக்கிறது. தன்னுடல் தாக்கு நோய் என்று பத்திரிகைகளும் ஆட்டோ இம்யூன் என்று டாக்டர்களும் சொல்வது இதைத்தான்.

பி.எஸ்., காரைக்குடி: எல்லோருக்குமா இப்படி ஆகும்? பயமாக இருக்கிறது.

இல்லை. இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்டவர்களில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி தலைகாட்டுவது சில ஆய்வுகளில் 40 சதவீதம் வரை போயிருக்கிறது. ஆனால் ஆன்டிபாடி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. நோயாக வெளிப்பட்டது நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு. பெண்களுக்கு அதிகம். சிகிச்சைக்கு முன்பே ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அதாவது ஊசி சும்மா இருந்த இடத்தில் நெருப்பை உண்டாக்குவதைவிட, உள்ளே கனன்றுகொண்டிருந்ததை ஊதிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது.

தைராய்டு தவிர முதல் வகைச் சர்க்கரை நோய், சொரியாசிஸ், தோலில் வெண்புள்ளி, ரத்தத் தட்டணுக்களை உடம்பே அழித்துக்கொள்வது, நுரையீரலிலும் தோலிலும் கட்டி கட்டியாக வரும் சார்காய்டோசிஸ், லூபஸ் என்று பட்டியல் நீளம். இவை எல்லாம் அபூர்வம். சர்க்கரை நோய் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ஒரு வாசகி, கும்பகோணம்: ஊசியை நிறுத்தினால் இதெல்லாம் போய்விடுமா?

எது என்பதைப் பொறுத்தது. சார்காய்டோசிஸ் பெரும்பாலும் ஊசியோடு வந்து ஊசியோடு போய்விடும். தைராய்டு பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். சிலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. முதல் வகைச் சர்க்கரை வந்தால் வந்ததுதான். கணையத்தில் இன்சுலின் தயாரிக்கும் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

ஆர்.எம்., நாகர்கோவில்: இம்யூனிட்டி பூஸ்டர் என்று மெடிக்கல் ஷாப்பில் விற்பதெல்லாம் இன்டர்ஃபெரான் மாதிரிதானா?

இல்லை. இன்டர்ஃபெரான் வேலை செய்யும்.

டி.வி., மதுரை: என் கணவர் ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் எப்போதும் சோர்வு, எரிச்சல், யாரோடும் பேச்சில்லை, எட்டு கிலோ இளைப்பு. 'ஊசி அப்படித்தான் செய்யும், பொறுத்துக்கோ' என்றார்கள் எல்லோரும். ஏழு மாதம் கழித்துத்தான் தைராய்டு டெஸ்ட். அதற்குள் நாங்கள் பட்ட பாடு! இது யார் தப்பு?

யார் தப்பு என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எப்படித் தப்பிப்போகிறது என்று சொல்கிறேன்.

இன்டர்ஃபெரானே சோர்வு தரும். அதுவே மன அழுத்தம் தரும், எடையைக் குறைக்கும், முடியைக் கொட்டவைக்கும். ஊசி போட்ட ராத்திரி குளிரும் காய்ச்சலும் தரும். அதனால்தான் பலர் அதைச் சாயங்காலம் போட்டுக்கொண்டு, ஒரு பாராசிட்டமாலையும் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்போது தைராய்டு கெட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதிகமாகச் சுரந்தால் எடை இளைக்கும், எரிச்சல் வரும், படபடக்கும். குறைவாகச் சுரந்தால் சோர்வு, முடி கொட்டல், மனம் மந்தம். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு குற்றவாளி கையில் இருக்கும்போது இன்னொருவனைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தத் தைராய்டு பாதிப்பு சிலருக்கு இரண்டு கட்டமாக வரும். முதலில் சுரப்பி சேதமாகி, உள்ளே சேர்த்துவைத்திருந்த ஹார்மோனை எல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். சில வாரம் படபடப்பு. கையிருப்பு தீர்ந்ததும் நேர் எதிர்: மந்தம், குளிர் தாங்காமை, முகம் ஊதல். நடுவில் ஒருநாள் டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் அழகாக நார்மல் என்று வந்து தொலைக்கும். அதனால்தான் சிகிச்சைக்கு முன் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்த டெஸ்ட் ஒன்று, பிறகு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று விதி வைத்தார்கள். ஒரே ஒரு டெஸ்ட் போதாது என்பதை வீட்டிலிருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிஸியான ஓ.பி.-யில் இது நினைவுக்கு வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

எரிச்சலையும் மௌனத்தையும் அவர் குணம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால், அந்தச் சண்டைகளில் பாதியை இன்டர்ஃபெரான் கணக்கிலும் மீதியைத் தைராய்டு கணக்கிலும் எழுதிவிடுங்கள்.

எஸ்.என்., சென்னை-33: இந்த இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

இரண்டு பேர். ஸ்காட்லாந்துக்காரர் அலிக் ஐசக்ஸ், சுவிட்சர்லாந்துக்காரர் ஜீன் லிண்டன்மன். 1957, லண்டன் மில் ஹில்லில் அப்போது இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சூட்டில் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் போட்டு வைத்தார்கள். அந்தச் சவ்விலிருந்து கசிந்த ஏதோ ஒன்று, பிறகு விட்ட உயிருள்ள வைரஸைப் பெருகவிடாமல் தடுத்தது. ஜப்பானில் நாகானோவும் கோஜிமாவும் 1954-லேயே இதே மாதிரி ஒரு சரக்கைப் பார்த்திருந்தார்கள், உலகம் கவனிக்கவில்லை. லண்டனில் கண்டுபிடித்தால்தான் கண்டுபிடிப்பு என்று ஒரு காலம்.

அடுத்த இருபது ஆண்டு, மருந்து இருக்கிறது என்று தெரியும், கையில் எடுக்க முடியாது. ஃபின்லாந்தில் கரி கான்டெல் என்பவர், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த தானரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான லிட்டர் ரத்தம் போனால் மில்லிகிராம் கணக்கில் மருந்து வரும். 1980-ல் சார்லஸ் வைஸ்மன் குழு இன்டர்ஃபெரான் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து அதைத் தயாரிக்கவைத்தது. அந்த மார்ச்சிலேயே 'டைம்' பத்திரிகை இன்டர்ஃபெரானை அட்டையில் போட்டது, புற்றுநோய்க்கு விடிவு வருமா என்று. புற்றுநோயில் அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையில்தான் முதல் எச்சரிக்கை கிடைத்தது: மார்பகப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்ட பெண்களுக்குத் தைராய்டு மந்தமாவதை 1985-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்.

ஆக, ஈரல்காரர்கள் ஊசியைக் கையில் எடுக்கும்போதே கழுத்து விவகாரம் அச்சில் இருந்தது.

அதே எஸ்.என்.: அப்படியென்றால் தெரிந்தே கொடுத்தார்களா?

ஆமாம். கோபப்படுவதற்கு முன் அந்தக் காலத்துக்குப் போய் நில்லுங்கள்.

1986-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜே ஹூஃப்நேகிள் குழு 10 நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்தது. அப்போது அந்த வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்றுதான் நோயையே அழைத்தார்கள். ஆள் யாரென்று தெரியாமலே வாரன்ட் போட்ட கதை. ஈரல் நொதி அளவுகள் இறங்கின. வைரஸ் பிடிபட்டது 1989-ல். இன்டர்ஃபெரானுக்கு அமெரிக்க அனுமதி 1991-ல். தனியாகக் கொடுத்தபோது நிரந்தரமாகக் குணமானவர்கள் கொஞ்சம் பேர்தான். 1998-ல் ரிபாவிரின் மாத்திரை சேர்ந்தது. 2001-ல் வாரம் ஒரே ஊசி என்ற பெக் வடிவம் வந்தது. அப்போதும் வைரஸின் முதல் வகைக்கு ஏறக்குறைய பாதிப் பேர். இரண்டு, மூன்றாம் வகைகளுக்கு நாலில் மூன்று பேர்.

இன்னொரு பக்கம், சிகிச்சை இல்லாவிட்டால்? இருபது முப்பது ஆண்டில் ஒரு பங்குப் பேருக்குக் கல்லீரல் சுருக்கம், வயிற்றில் நீர், ரத்த வாந்தி, சிலருக்குப் புற்றுநோய். ஈரலுக்கு மாற்று மாத்திரை கிடையாது. தைராய்டுக்கு உண்டு, அதுவும் மலிவாக. அந்தத் தராசில் எடை போட்டுத்தான் கொடுத்தார்கள். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. தராசு நோயாளியின் கண்ணில் படும்படி இருந்ததா என்பதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் அந்த மருந்தோடு வந்த தாளில் கறுப்புக் கட்டம் போட்டே எழுதியிருந்தது: மனநோய், தன்னுடல் தாக்கு நோய், ரத்த ஓட்டத் தடை, கிருமித் தொற்று ஆகியவற்றை இது உண்டாக்கலாம், இருப்பதைக் கிளறலாம், உயிரைக்கூட எடுக்கலாம் என்று. எட்டாக மடித்த அந்தத் தாளைப் பிரித்துப் படித்தவர் எத்தனை பேர்?

ஜே.பி., புதுச்சேரி: ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் நோய் இருந்தவர்களுக்கு?

பெரும்பாலும் 'உங்களுக்கு வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினார்கள். தன் ஈரலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் இருந்தால் இன்டர்ஃபெரான் கூடவே கூடாது. லூபஸ், மோசமான சொரியாசிஸ், தீவிர மன அழுத்தம் உள்ளவர்களும் வெளியே. வைரஸ் இருக்கிறது, மருந்து இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இவர்கள். ஊசியே வேண்டாத புது மாத்திரைகள் வரும்வரை, பல ஆண்டு, அப்படியே காத்திருந்தார்கள். சிலருக்குக் காத்திருக்க ஈரல் போதவில்லை.

எம்.ஏ., வாணியம்பாடி: எனக்கு ஹீமோகுளோபின் 13-லிருந்து 9-க்கு இறங்கியது. இதுவும் ஆட்டோ இம்யூனா?

பெரும்பாலும் இல்லை. அது கூடவே விழுங்கிய ரிபாவிரின் வேலையாக இருக்கும். அந்த மாத்திரை சிவப்பணுக்களுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றைச் சீக்கிரம் உடையவைக்கும்; அளவைக் குறைத்தால் ரத்தம் ஏறும். எல்லாப் பழியையும் இன்டர்ஃபெரான் மேல் போடுவது நியாயமில்லை.

எல்.கே., சேலம்: முடி?

கொட்டும். முளைக்கும்.

வி.ஜி., திருநெல்வேலி: அப்பாவுக்கு மூன்று ஆண்டாக மூட்டு வலி. 'ஆர்.ஏ. ஃபேக்டர்' பாசிட்டிவ் என்று வாத நோய்க்கே மருந்து. கால்களில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்த பிறகுதான் ஹெபடைடிஸ் சி என்று தெரிந்தது. ஊசியே போடவில்லையே, பிறகு எப்படி?

நல்ல கேள்வி, இன்டர்ஃபெரானைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து கொஞ்ச நேரம் கீழே இறக்க உதவுகிறீர்கள். இந்த வைரஸே அந்தக் கலையில் கைதேர்ந்தது. பல ஆண்டு உடம்பில் குடியிருந்து எதிர்ப்பு அணுக்களைச் சீண்டிக்கொண்டே இருப்பதால், அவை பயனில்லாத ஆன்டிபாடிகளைக் குவித்துத் தள்ளுகின்றன. அவற்றில் சில குளிர்ந்தால் படிந்துவிடும் ரகம். கிரையோகுளோபுலின் என்று பெயர். மெல்லிய ரத்தக் குழாய்களில் அவை படிந்தால் காலில் புள்ளிகள், மூட்டு வலி, பாதத்தில் மதமதப்பு, சிலருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வருவதும் இதே கூட்டத்தின் கைவரிசைதான். வாய் உலர்தல், கண் உலர்தல், வாய்க்குள் வெள்ளை வரி விழும் லைக்கன் பிளானஸ் எல்லாம் சி வைரஸோடு சேர்ந்து வரும்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், வைரஸ் செய்த இந்த ஆட்டோ இம்யூன் தொல்லைக்கு அந்தக் காலத்தில் வைத்தியமும் இன்டர்ஃபெரான்தான். வைரஸ் ஒழிந்தால் புள்ளிகள் மறையும்; ஊசியே சிலருக்குக் குழாய் அழற்சியைக் கிளறியும் விடும். டாக்டர்கள் அன்று எப்படித் தூங்கினார்களோ! இன்று மாத்திரையால் வைரஸைத் துரத்தினால் பலருக்கு மூட்டும் காலும் சேர்ந்து தெளிகின்றன. காரணம் தெரியாத மூட்டு வலியும் காலில் புள்ளியும் சேர்ந்து வந்தால் ஹெபடைடிஸ் சி டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

என்.எஸ்., கோவை: சி வைரஸைக் கண்டுபிடித்ததற்கு நோபல் கொடுத்தார்களே, யாருக்கு?

2020-ல் ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும். இதில் ஹௌட்டன் 2013-ல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது வந்தபோது, கூட உழைத்த குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ இருவருக்கும் கொடுக்கவில்லை என்பதற்காக வேண்டாம் என்று சொன்னவர். நோபலை வாங்கிக்கொண்டார். ஒருமுறைதான் மறுக்க மனசு வரும் போலிருக்கிறது.

ஒய்.எஸ்., கடலூர்: இப்போது எனக்கு சி இருப்பது தெரிந்திருக்கிறது. ஊசியா?

இல்லை, மூச்சு விடுங்கள். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதுவும் இதன் கூட்டாளிகளும் வைரஸின் நகலெடுக்கும் எந்திரத்தையே நேரடியாகக் கெடுக்கின்றன. எதிர்ப்புச் சக்தியை உசுப்புவதில்லை. அதனால் இன்டர்ஃபெரான் கிளப்பிய தைராய்டு கதைகள் இங்கே எழுவதில்லை. பெரும்பாலும் 12 வாரம், நூற்றுக்கு 90-க்கு மேல் குணம்.

ஆரம்பத்தில் விலைதான் ஆளைக் கொன்றது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-ல் இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிக்க உரிமம் கிடைத்த பிறகு இங்கே விலை தரைக்கு இறங்கியது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர், டக்ளட்டாஸ்விர் மாத்திரைகள் இலவசம். உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் சிகிச்சை மையம் எது என்று விசாரியுங்கள்.

மாத்திரை தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாயிற்றா? சி ஒழியும்போது, மூலையில் பதுங்கியிருக்கும் பி தலைதூக்குவதுண்டு. 2016-ல் அமெரிக்கா இதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கையே போட்டது. இரண்டு, இதயத் துடிப்பைச் சீராக்க அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா? சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரண்டையும் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஏ.டி., ஓசூர்: எனக்கு பி வைரஸ். டாக்டர் ஊசி, மாத்திரை இரண்டையும் சொல்லி 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்கிறார். நீங்கள் முடிவு பண்ணுங்களேன்!

நல்ல ஆளைப் பிடித்தீர்கள். ஊசி 48 வாரத்தில் முடியும், பலிப்பது சிறுபான்மைக்கு, மேலே சொன்ன தொல்லை எல்லாம் உண்டு. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் சாதுவானவை, வைரஸை அடக்கிவைக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு, லூபஸ், வெண்புள்ளி இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் ஊசிக்குத் தலையாட்டாதீர்கள். மாத்திரைக்குப் போனால் ஒன்று: 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு வரும், சிலருக்கு ஈரலே செயலிழக்கும்.

பி.கே., தஞ்சாவூர்: இத்தனை பேச்சு எதற்கு? கீழாநெல்லி இருக்கும்போது!

வருவீர்கள் என்று தெரியும். ஏளனம் செய்ய மாட்டேன், ஏனென்றால் இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும், பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து பி வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்றுப் பொடி கொடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. விஞ்ஞானத்தில் ஒரு தடவை நடந்தது போதாது.

நம் ஊரில் கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் வந்ததற்கு ஹெபடைடிஸ் ஏ-வும் ஒரு காரணம். தண்ணீரால் வரும் அந்தக் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். அந்த நேரத்தில் கையில் எந்த இலை இருக்கிறதோ அதற்குப் பெயர். சி வைரஸ் அப்படியில்லை. பெரும்பாலும் மஞ்சளே காட்டாமல் இருபது ஆண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

(பிளம்பெர்க் பிறந்த நாள் ஜூலை 28. உலகக் கல்லீரல் அழற்சி நாள் அந்தத் தேதியில் வருவது அதனால்தான்.)

எம்.எஸ்., திருப்பூர்: கோவிட் சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்காக சீந்தில் கொடிக் கஷாயம் நாலு மாதம் குடித்தேன். தைராய்டு உள்ளவள் நான். ஈரல் நொதி ஏறி, 'ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் மாதிரி இருக்கு' என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மூலிகைக்குமா பக்க விளைவு?

உடம்புக்கு மூலிகை, ரசாயனம் என்று சாதி தெரியாது. உங்கள் கதை தனிக் கதையும் இல்லை. 2020-ன் கடைசி மாதங்களில் மும்பையில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்த 6 பேரைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. பலருடைய ஈரல் திசுவில் தெரிந்தது ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸின் சாயல். உங்களைப் போல் தைராய்டு முதலிய ஆட்டோ இம்யூன் நோய் ஏற்கெனவே இருந்தவர்களும் அதில் உண்டு. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. செடியைச் சரியாக அடையாளம் காணவில்லை, பார்க்க இதே மாதிரி இருக்கும் இன்னொரு கொடியாக இருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொள்வோம். மூட்டையில் எந்தக் கொடி இருக்கிறது என்று நாட்டு மருந்துக் கடைக்காரருக்கே தெரியாது என்றால், அது இன்னும் பெரிய பிரச்சினை.

இந்த இதழின் கடிதங்களிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது உங்களுடையது. 'எதிர்ப்புச் சக்தி எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது' என்று விளம்பரம் நமக்குப் பாடம் எடுத்துவிட்டது. இன்டர்ஃபெரான் அந்த ஆசையை முப்பது ஆண்டு மனித உடம்பில் சோதித்துப் பார்த்தது. எதிர்ப்புச் சக்தியில் பாதி வேலை அடிப்பது; மீதிப் பாதி, அடிக்காமல் விடுவது. அந்த இரண்டாவது பாதிக்கு டானிக் விற்றால் நானே வாங்குவேன். உங்களுக்கு இனி அந்தக் கஷாயம் வேண்டாம்.

ஆர்.எஸ்., பாளையங்கோட்டை: மகளுக்கு லூபஸ். புதிதாக ஒரு மருந்து 'இன்டர்ஃபெரானைத் தடுக்கும்' என்று படித்தேன். நீங்கள் இன்டர்ஃபெரான் மருந்து என்கிறீர்கள். தலை சுற்றுகிறது.

இரண்டும் சரி. லூபஸ் நோயாளிகள் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் மிதப்பதை 1979-லேயே பார்த்துவிட்டார்கள். 1990-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளிக்குக் குடல் கட்டிக்காக இன்டர்ஃபெரான் கொடுத்தபோது லூபஸ் வந்தது. ஊசியால் வரவழைக்க முடிகிற நோய் என்றால், அந்தப் பாதையை அடைத்தால் அடக்கவும் முடியுமே என்று யோசித்தார்கள். அந்த யோசனையின் நீட்சிதான் 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப். இன்டர்ஃபெரான் வந்து தட்டுகிற கதவுக்கே தாழ்ப்பாள். ஹெபடைடிஸ் நோயாளிகள் பட்ட அவஸ்தையும் இதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. மகளுக்கு அது பொருந்துமா என்று வாத நோய் நிபுணரிடம் கேளுங்கள்.

கே.எம்., விருதுநகர்: வைரஸ் போன பிறகு 'அளவாக'க் குடிக்கலாமா?

மேற்கோள் குறி போட்டிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. வேண்டாம். வைரஸ்தான் போனது, தழும்பு போகவில்லை. ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் வந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர வேண்டும்.

சி.ஆர்., ஸ்ரீரங்கம்: மாப்பிள்ளைக்கு சி இருந்து குணமானதாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டுமா?

இருந்தபோதே சாப்பாட்டில் ஒட்டாது, ரத்தத்தால் பரவுவது. இப்போது வைரஸே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதில் வேறு ஆட்சேபணை இருந்தால் அது உங்கள் குடும்ப விஷயம்.

ஜி.என்., மயிலாடுதுறை: இன்டர்ஃபெரான் போட்டுப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. தைராய்டு மாத்திரை காலையில் காபியோடுதான். டி.எஸ்.ஹெச். ஏறிக்கொண்டே போகிறது, டாக்டரும் டோஸை ஏற்றிக்கொண்டே போகிறார்.

டோஸை விட்டுவிட்டு முதலில் காபியைப் பிடியுங்கள். தைராக்ஸினைக் குடல் உறிஞ்சவிடாமல் காபி கெடுக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. ஆறு முதல் எட்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள். இதுவரை காபியோடு விழுங்கியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏற்றிய டோஸ் இப்போது முழுசாக உள்ளே போய்ப் படபடப்பு கிளம்பும்.